மலையிலிருந்து தெரிந்த சேலை

எனக்குச் சீக்கிரம் ஐம்பது வயதாக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து நீட்டுவார். "இன்னொரு வருசம் போச்சு அம்மணி. சீக்கிரம் கெழவியாகித் தொலை" என்பார். கல்யாணமான புதிதில் இந்தப் பேச்சுக்காக நான் ஒரு நாள் முழுக்க அவரோடு பேசாமல் இருந்திருக்கிறேன்.

காரணம் வெள்ளியங்கிரி. கோயம்புத்தூருக்கு மேற்கே பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை ஏறினால் உச்சியில் சிவன். சிவராத்திரி நெருங்கிவிட்டால் போதும், பட்டறை, மில், காலேஜ் என்று ஊர் ஆம்பளைகளில் பாதிப் பேர் மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பெண்களுக்கு மட்டும் வழக்கம் வேறு. ஒன்று சின்னப் பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஐம்பதைத் தாண்டியிருக்க வேண்டும். நடுவில் இருக்கிற நாங்கள் அடிவாரக் கோயிலில் கும்பிட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். தெம்பு இருக்கிற வயதில் ஏறாதே, முட்டி தேய்ந்த பிறகு ஏறு என்பது என்ன நியாயம் என்று வருடா வருடம் அவரிடம் சண்டை பிடிப்பேன். நான் பள்ளிக்கூட டீச்சர். எனக்குக் குரலும் பெரிசு, கோபமும் பெரிசு. அவர் எங்கள் வீடு இருக்கிற கணபதிப் பகுதியிலேயே ஒரு மோட்டார் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். நாளெல்லாம் மெஷின் இரைச்சலில் நிற்கிற மனிதருக்கு என் சத்தமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

"அம்பது ஆகட்டும். நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்த மனிதரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் தனியாகத் தின்ன மாட்டார். பட்டறையில் நாலு மணி டீயோடு ஒரு போண்டா கொடுப்பார்கள். டீயைக் குடித்துவிட்டுப் போண்டாவைப் பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். எண்ணெய் ஊறிய பையைத் துவைக்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். "அங்கயே தின்னு போட்டு வரக் கூடாதா? ஆறிப்போன போண்டாவ இங்க யாரு கேட்டா?" என்று கத்துவேன். "நீயில்லாம எறங்கலை" என்று சொல்லிப் பாதியைப் பிட்டு என் கையில் வைப்பார். பாதி போண்டாவுக்கு என்ன ருசி இருக்கப் போகிறது? இருந்தாலும் தின்பேன்.

கல்யாணமான முதல் வருடம் மலைக்குக் கிளம்பும்போது நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். என்னைச் சமாதானம் செய்ய ஒரு புளுகை அவிழ்த்துவிட்டார்.

"உச்சியில நின்னா கோயம்புத்தூரே தெரியும். நம்மூட்டு மொட்டை மாடி கூடத் தெரியும்."

"ஆமா, நான் அரிசி பொடைக்கிறதும் தெரியும்."

"நீ வேணா செவப்பா ஒரு சேலையக் கொடியில போட்டு வை. தெரியுதா இல்லையான்னு வந்து சொல்றேன்."

போட்டேன். அவர் ராத்திரி ஏறி விடியும்போது உச்சியில் நிற்பார் என்று கணக்குப் போட்டு, விடியலுக்கு முன்னால் மாடிக்குப் போய் என் சிவப்புச் சுங்குடிச் சேலையை விரித்துப் போட்டேன். மறுநாள் முழங்கால் வீங்கி, நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தெரிஞ்சுது அம்மணி! குங்குமப் பொட்டு மாதிரி, செவப்பா!" என்றார்.

பிள்ளைகளுக்கு மேப் வரைந்து தூரம் கணக்குப் போடச் சொல்லித் தருகிறவள் நான். கணபதி மொட்டை மாடி வெள்ளியங்கிரிக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு வருடம்கூடத் தவறாமல் சேலையைப் போட்டேன். அது நைந்து போனதும் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கினேன். அவரும் ஒரு வருடம்கூடத் தவறாமல் "தெரிஞ்சுது" என்றார். உச்சியிலிருந்து கொண்டுவந்த திருநீற்றை என் நெற்றியில் பூசிவிட்டு, மேலே என்னென்ன பார்த்தார் என்று கதை சொல்ல உட்காருவார். மூன்று பாறை ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும், அதற்குள் குனிந்து போனால் சாமி, பக்கத்தில் பாறை இடுக்கில் ஒரு சின்ன வெள்ளைப்பூச் செடி, அதை எந்தக் காற்றும் அசைக்காது. எனக்குக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், திருப்பூரில் கட்டிக் கொடுத்தோம். கதை மட்டும் மாறவில்லை.

ஒருவழியாக எனக்கு ஐம்பது வந்தது. அந்தத் தை மாதம்தான் அவருக்கு இருமல் ஆரம்பித்தது. பனி என்றார். பட்டறைத் தூசி என்றார். சிவராத்திரிக்குள் சரியாகிவிடும் என்று எனக்குப் புது ஷூ வேறு வாங்கி வந்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது நுரையீரலில் கட்டி.

எங்கள் பக்கத்து மரியாதை உங்களுக்குத் தெரியும். யாருக்கும் எதிரில் நின்று மனசு நோகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்ல வராது. ஆஸ்பத்திரிக்கு வந்த ஒவ்வொருவரும் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, "ஒண்ணுமில்லைங்க, அடுத்த மாசம் பட்டறைக்கு வந்துருவீங்க" என்றார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "மலையிலயும் இப்படித்தான் அம்மணி. ஏறறவன் எவ்வளவு தூரமுன்னு கேட்டா, எறங்கறவன் பக்கந்தான் சாமி, வந்துருச்சுன்னு சொல்லுவான். ரெண்டாவது மலையில கேட்டாலும் அதேதான்" என்றார்.

கடைசியில் அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. மூச்சு வாங்க வாங்க மலை ஏறுவதாகவே நினைத்துக்கொண்டார். கையால் கட்டில் கம்பியைத் தடி மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இது எத்தனாவது மலை?" என்று கேட்டார். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டேன். "இன்னும் எவ்வளவு தூரம் அம்மணி?" என்றார்.

"இதோ வந்துருச்சுங்க. இன்னும் கொஞ்சந்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அவர் இல்லாமல் வந்த முதல் சிவராத்திரிக்கே நான் கிளம்பியிருப்பேன். சாவு நடந்த வீட்டுக்காரர்கள் வருடம் திரும்பாமல் மலைக்கோயில் ஏறக் கூடாதென்று சொந்தக்காரர்கள் தடுத்துவிட்டார்கள். முதலில் வயசு ஆகவில்லை என்றீர்கள், இப்போது வருசம் ஆகவில்லை என்கிறீர்கள், போங்க நீங்களும் உங்க வழக்கமும் என்று எல்லோர் எதிரிலும் கத்தினேன். கத்தினாலும் மீறவில்லை. அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். வருடத் திவசம் முடிந்து, அடுத்த சிவராத்திரிக் கூட்டமும் குறைந்த பிறகு, போன வருடம் பங்குனியில் கிளம்பினேன். அவர் கூட்டிப் போவதாகச் சொன்ன உச்சியை ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும். எனக்கு வேறு வேண்டுதல் எதுவும் இருக்கவில்லை.

"முட்டி வலிய வெச்சுக்கிட்டு எதுக்கும்மா இந்த வேலை?" என்று மகள் போனில் அழுதாள். அவள் கூட வர முடியாது, அவளுக்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது. கூட வந்தது பட்டறைத் தம்பிதான். என் வீட்டுக்காரரோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர். அவரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார். வருடா வருடம் அவரோடு மலைக்குப் போனவர்.

கிளம்புகிற அன்று மத்தியானம் மாடிக்குப் போய்ச் சிவப்புச் சேலையைக் கொடியில் விரித்து, காற்றில் பறக்காமல் கிளிப் மாட்டினேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மலைக்குப் போகிற நாளில் அந்தச் சேலை கொடியில் இருக்கும், அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் கிடந்த அவருடைய கடைசித் தடியை எடுத்துக்கொண்டேன். அவர் பிடித்துப் பிடித்து அதன் தலைப்பக்கம் வழவழவென்று இருந்தது.

ராத்திரி அடிவார மண்டபத்தில் படுத்துவிட்டு, வெளுக்கும் நேரத்தில் ஏற ஆரம்பித்தோம். முதல் மலையிலேயே என் வாய்க்கொழுப்பெல்லாம் அடங்கிவிட்டது. கருங்கல் படி, படி, படி. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். படி முடிந்து பிள்ளையார் கோயில் வந்ததும் மலையே முடிந்துவிட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டேன். தம்பி சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, "இது ஒண்ணாவதுதானுங்க அண்ணி" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

இறங்கி வந்தவர்கள் எல்லோரும் சாமி சாமி என்று வழிவிட்டார்கள். எவ்வளவு தூரமுங்க என்று கேட்டபோது, அவர் சொன்னது போலவே, "பக்கந்தானுங்க சாமி, வந்துட்டீங்க" என்றார்கள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. வழுக்குப் பாறையில் கையும் காலுமாகத் தவழ்ந்தேன். நாலாவது மலையில் ஒரு காலை எடுத்து வைத்தால் இன்னொரு கால் வர மாட்டேன் என்றது. மரங்களெல்லாம் கீழே நின்றுவிட்டன. மேலே வெறும் புல், பாறை, ஆளைத் தள்ளுகிற காற்று. வெயில் தலையைச் சுடும்போதே காது சில்லிட்டது. மூச்சை இழுத்தால் பாதிதான் உள்ளே போனது. ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சு ஏறி இறங்கியதை அப்போது நினைத்துக்கொண்டேன். இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்ததும் அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதேன். தம்பி எனக்கு வெயில் படாமல் மறைத்து நின்றுகொண்டார்.

ஆறாவது மலை இறக்கத்தில் ஆண்டி சுனை. ஐஸ் மாதிரித் தண்ணீர். அதில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தால் எதிரே ஏழாவது மலை, செங்குத்தாக, சுவர் மாதிரி நிற்கிறது. "வாங்க, போயிரலாம்" என்று திரும்பினேன். தம்பி சுனைக்குப் பக்கத்தில் ஒரு தட்டைப் பாறை மேல் கையை வைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, உடம்புக்கு முடியலைங்களா?"

"இல்லைங்க அண்ணி." பாறையைக் கையால் ஒருமுறை தடவினார். "இங்கதானுங்க அண்ணன் உக்காந்துக்குவாரு."

"களைச்சா உக்காரறதுதானே."

"அதில்லைங்க. அண்ணன் மேல வந்ததே இல்லைங்க. ஒரு வருசங்கூட."

எனக்குப் புரியவில்லை. காற்றில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"நாங்க மேல போயிட்டு வர்ற வரைக்கும் இந்தப் பாறையில உக்காந்திருப்பாருங்க. ஊட்டுக்காரிய உட்டுப்போட்டு நான் மட்டும் போய்ச் சாமி பாக்கறதான்னு சொல்லுவாரு. அவளுக்கு அம்பது ஆனதும் ரெண்டு பேரும் சேந்து போறோமுன்னு. நாங்க எறங்கி வந்ததும் திருநீறு வாங்கிக்குவாரு. மேல என்ன பாத்தே, சாமி எப்படி இருந்துச்சு, ஒண்ணு உடாமச் சொல்லுன்னு கேட்டுக்குவாருங்க. உங்களுக்குச் சொல்லோணுமில்லைங்க, அதுக்கு. சொல்லிப்போடாதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

எனக்கு வந்தது முதலில் அழுகை இல்லை, கோபம். அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. "அடப் பாவி மனுசா!" என்று அந்தப் பாறையைப் பார்த்துக் கத்தினேன். குளித்துக்கொண்டிருந்த சாமிகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "ஆறு மலை ஏறிப்போட்டு இங்க உக்காந்தீங்களா? யாரு உங்கள உக்காரச் சொன்னா? நானா சொன்னேன்?" நல்ல காலும் நல்ல மூச்சும் இருந்த வருடமெல்லாம் அந்தக் கல்லில் குந்தி, எனக்கு வயதாகட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வயதானது. அவருக்கு மூச்சு நின்றுபோனது. போண்டா மாதிரிதானா சாமியும்? பையில் போட்டு வைத்தால் கெட்டுப்போகாதா? தம்பியையும் விடவில்லை. "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சண்டை போட்டாவது அவரை ஏத்தியிருப்பனே!" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். பாவம், அவர் என்ன செய்வார்?

அந்தப் பாறையில் உட்கார்ந்தேன். கல் சில்லென்று இருந்தது. ஏறுவதா, இப்படியே திரும்பிவிடுவதா? அவர் இல்லாமல் நான் மட்டும் போய்ப் பார்த்தால், அவர் எனக்காக விட்டுவைத்ததை நான் தனியாகத் தின்ற மாதிரி. போகாமல் திரும்பினால் அவர் காத்திருந்த அத்தனை வருடமும் வீண். எப்படிப் பார்த்தாலும் நெஞ்சு வலித்தது. கையில் அவர் தடி இருந்தது. அது ஆறு மலை ஏறியிருக்கிறது, ஏழாவதைப் பார்த்ததில்லை. சரி, இதையாவது கூட்டிக்கொண்டு போகலாம் என்று எழுந்தேன்.

ஏழாவது மலையை நான் ஏறினேன் என்று சொல்ல முடியாது. தம்பி மேலிருந்து கை கொடுத்து இழுத்தார், தடி கீழிருந்து தாங்கியது. உச்சிக்குப் போனபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மூன்று பாறை சாய்ந்து நின்றது. குனிந்து உள்ளே போனால் சாமி. அவர் சொன்ன மாதிரியே எல்லாம் இருந்தது. வெள்ளைப்பூச் செடி மட்டும் எங்கே தேடியும் இல்லை. தம்பியிடம் கேட்டேன். "அப்படி ஒண்ணு நான் சொல்லலைங்களே அண்ணி" என்றார். அது அவரே எனக்காகச் சேர்த்தது போலிருக்கிறது.

வெளியே வந்து கிழக்கே பார்த்தேன். கீழே ஒரே புகைமூட்டம். ஊர் இல்லை, ரோடு இல்லை, ஒன்றுமே இல்லை. எங்கள் மாடியில் அந்தச் சேலை இந்த நேரம் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். பைத்தியக்காரி மாதிரி கண்ணைச் சுருக்கிச் சுருக்கிச் சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை என்று தெரிந்த பிறகும் தேடிக்கொண்டே இருந்தேன். "போலாமுங்க அண்ணி, மழை வந்துருமாட்ட இருக்குது" என்று தம்பி கூப்பிட்டார்.

இறங்கும்போது அந்தப் பாறைக்கு வந்ததும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவரிடம் சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன், யார் கேட்டால் என்ன. "சாமி நல்லா இருந்துச்சுங்க. மூணு பாறையும் அப்படியே இருக்குது. பூச்செடிதான் இல்லை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சேலை தெரிஞ்சுதுங்க. செவப்பா, பொட்டு மாதிரி" என்றேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அப்போது கீழிருந்து ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒரு புருஷன் பெண்டாட்டி, இரண்டு பேருக்கும் அறுபதுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த மனிதர் ஏழாவது மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டே வந்து அதே பாறையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நீ இவங்களோட போயிட்டு வா அம்மணி. நான் இங்கயே இருக்கறேன். அடுத்த வருசம் ரெண்டு பேருமாப் பாத்துக்கலாம்."

அந்த அம்மா தயங்கித் தயங்கி நகர்ந்தார்கள்.

"எந்திரிங்க!" என்றேன்.

முப்பது வருடம் வகுப்பறையில் கத்திய குரல். சுனையில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பையன்கூட எழுந்து நின்றுவிட்டான். அந்த மனிதர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார்.

"அடுத்த வருசமுங்கற பேச்செல்லாம் வேண்டாமுங்க. எந்திரிங்க. ரெண்டு பேரும் சேந்து போங்க. பைய்யப் போங்க, உக்காந்து உக்காந்து போங்க. ஆனா இங்க உக்காராதீங்க."

அவருக்கு என்ன புரிந்ததோ, என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். அவரிடம் தடி இல்லை. என் கையில் இருந்ததைக் கொடுத்தேன். தம்பி, "அண்ணி, அது அண்ணனோட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த மனிதர் வழவழப்பான இடத்தில் கையை வைத்து ஊன்றிப் பார்த்தார். அந்த அம்மா அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நாலடி போனதும் அவர் திரும்பினார். "இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

எனக்கு அந்தக் கட்டிலும், கம்பியைப் பிடித்திருந்த கையும் கண்ணுக்குள் வந்தது.

"இதோ வந்துருச்சுங்க சாமி" என்றேன். "இன்னும் கொஞ்சந்தான்."